வேதா தட்டிவிட்ட டம்ளர்

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் வேதாவின் கை தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றது.

பதினாறு நாளாக அந்தச் சத்தம் வீட்டில் இல்லை. இருக்க வழியும் இல்லை. மோட்டாரின் ஃபியூஸ் கட்டையை அவளே கழற்றி, காலி மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் போட்டுப் பரணில் வைத்திருந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் "மோட்டார் ரிப்பேர்" என்று ஒரே பதில். இப்போது அது பின்பக்கத்தில் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். பின்வாசலில் மூன்று நீல டிரம்கள் வரிசையாக நின்றன. இரண்டு நிரம்பியிருந்தன. மூன்றாவதில் ஹோஸ் பைப்பை விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார் அவள் கணவர் அப்பாதுரை. அவருடைய தம்பி அன்பரசன் டிரம்களின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மோட்டார் எப்படிங்க ஓடுது?"

"ரிப்பேராம் ரிப்பேர். கட்டைய எலி தூக்கிட்டுப் போச்சோ இன்னாவோ, காணோம். காலையில கடைய எழுப்பி வாங்கியாந்து மாட்டினேன், ஓடுது. அஞ்சு நிமிஷ வேல. இதுக்குப் போயி பதினஞ்சு நாளா தெருக் குழாய்ல குடத்தோட நிக்கற..."

"நிறுத்துங்க. இந்தத் தண்ணி வேணாம்."

அப்பாதுரை காதில் விழாததுபோல் ஹோஸைச் சரிசெய்தார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் வேதா எதையும் வேண்டாம் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அதனால் அது தனக்குச் சொன்னதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குப் பௌர்ணமி. மலை சுற்ற வருகிறவர்களுக்கு அடி அண்ணாமலையில், உறவுக்காரர் ஒருவரின் கடை வாசலில், தண்ணீர்ப் பந்தல் போடுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். மாமனார் தொடங்கிவைத்தது. அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியும் ஒரு பௌர்ணமி தவறவில்லை. மூன்று டிரம், அறுநூறு லிட்டர். அந்த வீட்டில் மாடி கிடையாது, கார் கிடையாது. மாமியார் பாஞ்சாலையம்மாள் நாலு பேரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள இருந்ததெல்லாம் இந்த மூன்று டிரம் தண்ணீர்தான். அதை அவள் சொல்லாத கல்யாண வீடும் இல்லை, துக்க வீடும் இல்லை.

அந்தப் பெருமையில்தான் இப்போது வேதா கை வைக்க வேண்டியிருந்தது.

ஒரு மாதத்துக்கு முன்னால், அன்பரசனின் மனைவி அபிநயாவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது வாந்தி தொடங்கியது. மாசமாக இருப்பவளுக்கு வாந்தி புதிதா என்று விட்டுவிட்டார்கள். நாலாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் முகம் மாறியதை வேதாதான் முதலில் பார்த்தாள். "கெட்ட தண்ணியால வர்ற காமாலைம்மா இது. மத்தவங்களுக்கு வந்தா கொஞ்ச நாள் படுத்து எழுந்துடுவாங்க. மாசமா இருக்கறவங்களுக்கு வந்தா தாய்க்கும் புள்ளைக்கும் உயிருக்கே ஆபத்து" என்றார் அவர்.

கெட்ட தண்ணீர் என்றதும் பாஞ்சாலையம்மாளுக்கு ஒரே ஒரு தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. சில வாரங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், கால் வீங்குகிறது, கொஞ்சம் நடக்கட்டும் என்று வேதா அபிநயாவைக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் நாக்கு வறள்கிறது என்று அவள் கேட்க, வண்டிக்கடையில் ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

"ரோட்டுத் தண்ணிய வாங்கி ஊத்திக் கொண்ணுட்டியேடி... அவ வயித்துல கீறது என் பேரப்புள்ளடி... உன்ன நம்பித்தானே அனுப்புனேன்..." ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வேதாவும் அப்போது அதை நம்பினாள். தான்தான் கெடுத்துவிட்டோமோ என்று இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள்தான் அலமாரியில் இருந்த பாட்டில்கள் ஞாபகம் வந்தன. போன வருடம் மகளிர் குழுவில் தண்ணீரைச் சோதிக்க ஒரு நாள் பயிற்சி கொடுத்து, கையில் ஐந்தாறு சின்னக் கண்ணாடிப் பாட்டில்களும் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு மருந்து இருக்கும். தண்ணீரைக் கோடு வரை ஊற்றி மூடி, ஓரமாக இரண்டு நாள் வைக்க வேண்டும். சாக்கடை கலந்த தண்ணீராக இருந்தால் கறுத்துப்போகும். "உப்பு ஜாஸ்தின்னா நாக்கு சொல்லிடும், சேறுன்னா கண்ணு சொல்லிடும். இத ரெண்டும் சொல்லாது. தெளிவாத்தான் இருக்கும், ருசியாத்தான் இருக்கும்" என்று பயிற்சி கொடுத்த பெண் சொன்னது அவள் மனதில் நின்றிருந்தது.

வேதா மூன்று பாட்டில் எடுத்தாள். ஒன்றில் தெருக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் வீட்டுக் குழாயில் மோட்டார் போடாமல் சொட்டுச் சொட்டாக வந்த தண்ணீர். மூன்றாவதில் மோட்டார் போட்டுப் பிடித்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி எழுதி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது முதல் இரண்டும் அப்படியே இருந்தன. மூன்றாவது கன்னங்கரேல் என்று மை மாதிரி இருந்தது.

பத்தாவதுக்கு மேல் படிக்காத வேதாவுக்கு, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானமாகப் பார்த்து, கடப்பாரையால் வாசல் சாக்கடைப் பலகைக்கல்லை நெம்பினாள். வீட்டுக்கு வரும் குழாய் அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. நடுவில் ஓர் ஒட்டு. ஒட்டின்மேல் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தது.

அதைச் சுற்றிக் கட்டியது யார் என்றும் அவளுக்குத் தெரியும். இரண்டரை மாதத்துக்கு முன், கோடையில் குழாயில் தண்ணீர் கம்மியாக வருகிறது, அண்ணி எத்தனை நேரம் சொட்டுக்குக் காத்திருப்பாள் என்று, மெயின் குழாயிலிருந்தே உறிஞ்சுகிற மாதிரி மோட்டார் மாட்டியது அன்பரசன். பிளம்பரை எதிர்பார்க்காமல் குழாயை வெட்டி, தானே ஒட்டுப்போட்டு, தானே டியூபைச் சுற்றினான். அன்றைக்கு அவனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தது வேதா. மோட்டார் இழுக்கிற இழுப்பில் நல்ல தண்ணீரோடு சாக்கடையும் அந்த ஒட்டு வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள், சொல்லிவிடுவது என்றுதான். அபிநயாவின் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்த அன்பரசன் அவளைப் பார்த்ததும் சின்னப் பிள்ளையாக அழுதான்.

"அண்ணி... நான் யாருக்கு இன்னா பாவம் செஞ்சேன்? எனக்கு ஏன் இப்படி?"

கல்யாணமாகி வேதா அந்த வீட்டுக்குள் வந்தபோது அவனுக்கு ஆறு வயது. சொந்த மகள் கவிநிலா பிறப்பதற்கு முன்பே அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். கவிநிலா இப்போது வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளைத் திட்டியதில் பாதிகூட இவனைத் திட்டியதில்லை. உன் பெண்சாதியை, உன் குழந்தையை நீயே இப்படிக் கொண்டுவந்து போட்டாய் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கணவருக்குத் தெரிந்தாலோ வேறு வினையே வேண்டாம். சின்ன விஷயத்துக்கே போன வருடம் தம்பியைத் "தனியா போயிடு" என்றவர் அவர்.

"நீ ஒண்ணும் செய்யலப்பா... எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பழி யார் தலையிலாவது விழத்தானே வேண்டும்? தன் தலையிலேயே இருக்கட்டும், வீடு உடையாமல் இருக்கும் என்று நினைத்தாள். ஃபியூஸ் கட்டையைக் கழற்றினாள். தன் பழைய புடவை ஒன்றைக் கிழித்து, அந்த ஒட்டின்மேல் நாலு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். அது அடைக்காது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து தெருக் குழாயில் வரிசையில் நின்று குடம் குடமாகக் கொண்டுவந்து, கொதிக்கவைத்து, ஆறவைத்து எல்லோருக்கும் கொடுத்தாள்; ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினாள்.

"வூட்ல குழாய் கீற வூட்டு மருமக தெருக் குழாய்ல போய் நிக்கறா. மானத்த வாங்கறதுக்குன்னே பொறந்தவ" என்று மாமியார் அதற்கும் ஒரு பாட்டம் பேசினாள். வேதாவுக்குக் கோபமே வராது என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. தப்பு. வரும். அடுப்படியைத் தாண்டி வெளியே வராது, அவ்வளவுதான்.

அபிநயா பிழைத்து, வயிற்றுப் பிள்ளையோடு நல்லபடியாக வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. வந்த அன்று வேதா கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். அபிநயா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அத்தை குடுக்கட்டும்க்கா" என்றாள். வராந்தாவில் மாமியார் பேசியதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் வேதாவை உள்ளுக்குள் அறுத்தது. அதையும் தாங்கிக்கொண்டாள்.

ஆனால் இது அப்படித் தாங்கிக்கொள்கிற விஷயமா? டிரம் நிரம்பிக்கொண்டிருந்தது. மலை சுற்ற வருகிற பெண்களில் எத்தனை பேர் மாசமாக இருப்பார்கள், எத்தனை பேர் இடுப்பில் கைக்குழந்தை இருக்கும்... தன்மேல் விழுகிற பழிக்கு அவள் பேசாமல் இருக்கலாம். ஊரார் உயிர் விஷயத்தில் பேசாமல் இருக்க அவள் யார்?

வேதா நேராகப் போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

"ஏய், இன்னா பண்ற?" என்றார் அப்பாதுரை.

"டிரம்ம எல்லாம் கவுத்துடுங்க. தெருக் குழாய்ல இன்னும் தண்ணி வருது. புடிச்சு, காய்ச்சி எடுத்துட்டுப் போலாம்."

"அறுநூறு லிட்டரு காய்ச்சப் போறியா? பைத்தியமா உனக்கு? இந்தத் தண்ணிக்கு இன்னா?"

வேதா அன்பரசனைப் பார்த்தாள். அவன் ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேணாங்க... நான் சொல்றேன்ல, வேணாம்..."

"காரணத்த சொல்லு."

அதற்குள் பாஞ்சாலையம்மாள் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, பித்தளை டம்ளரோடு வந்துவிட்டாள். தண்ணீர் வீட்டை விட்டுப் புறப்படும் முன், மலையைப் பார்த்துக் கும்பிட்டு, முதல் டம்ளரை வீட்டுக்குப் பெரியவர்கள் குடிக்க வேண்டும். நாம் குடிக்காததை ஊருக்குக் கொடுக்கக்கூடாது என்று மாமனார் வைத்த வழக்கம். அவள் யாரையும் பார்க்காமல் டம்ளரை டிரம்முக்குள் முக்கி எடுத்தாள். மலை இருக்கும் பக்கம் திரும்பி நின்று, ஒரு கும்பிடு போட்டு, வாயருகே கொண்டுபோனாள்.

வேதாவின் கை முந்திக்கொண்டது. டம்ளர் தெறித்துப் போய்ச் சுவரில் மோதி உருண்டது. மாமியாரின் புடவையெல்லாம் தண்ணீர்.

பாஞ்சாலையம்மாள் பேசினாள். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"சாமி தண்ணிய தட்டிட்ட... என் புருஷன் பேர தட்டிட்ட. சர்பத்த வாங்கிக் குடுத்து ஒரு உயிரக் காவு குடுக்கப் பாத்த. அதுவும் பத்தல... இந்த வூட்டுல நல்லது எதுவும் நடக்கக்கூடாது உனக்கு. அப்பாதுரை, இவ இந்த வூட்ல கீறவரைக்கும் நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

அப்பாதுரையின் கை மேலே போனது. அடிக்கு நிற்காமல் வேதா உள்ளே போய் மூன்று பாட்டில்களையும் எடுத்துவந்து மாமியாரின் காலடியில் வைத்தாள்.

"அத்தை, நீங்க பச்சத் தண்ணி குடிக்க வேணாம். அதத்தான் நானும் சொல்றேன். இது தெருக் குழாய்த் தண்ணி. இது நம்ம குழாய்ல மோட்டார் போடாம வந்தது. இது மோட்டார் போட்டு எடுத்தது... இப்ப நீங்க குடிக்கப் போனது. சாக்கடை கலந்த தண்ணி அத்தை. அபிநயாவுக்கு வந்தது இதுல வந்தது. போன ரெண்டு பௌர்ணமிக்கும் இதத்தான் நாம ஊருக்கே குடுத்தோம். யார் யார் குடிச்சாங்களோ, யாருக்கு என்னா ஆச்சோ... நெனச்சா தூக்கம் வரல எனக்கு. மூணாவது தடவ குடுக்க விட மாட்டேன். என்ன அடிங்க, வெளிய அனுப்புங்க... இந்த டிரம்மு மட்டும் வண்டி ஏறக்கூடாது."

"சாக்கடை எப்படிடீ குழாய்ல வரும்?" என்றார் அப்பாதுரை. குரலில் பாதி கோபம் இறங்கியிருந்தது.

"பைப்புல எங்கயோ ஓட்டை... எங்கன்னு தெரியல."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். கண் தன்னையறியாமல் வாசல் பக்கம் போனது. அன்பரசன் அதைப் பார்த்துவிட்டான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

திரும்பி வந்தபோது முழங்கை வரை சாக்கடைச் சேறு. கையில் கிழிந்த சைக்கிள் டியூபும், சேறு ஊறிய ஒரு துணியும் இருந்தன. துணியின் ஓரத்தில் மாம்பழக் கலர் பார்டர் இன்னும் தெரிந்தது.

"அம்மா... அண்ணிய ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான். இந்த ஒட்டு நான் போட்டது. இந்த டியூபு நான் சுத்தினது. அபிநயாவ சாவு வரைக்கும் கொண்டுபோனது நான்தாம்மா..." துணியைத் தூக்கிக் காட்டினான். "இது உங்க புடவை அண்ணி. உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஏன் சொல்லல? எல்லாரும் உங்கள அந்தப் பேச்சு பேசினாங்களே... ஆஸ்பத்திரியில, இங்க... ஏன் அண்ணி?"

"நீ இப்படி நிப்பேன்னுதான் சொல்லல" என்றாள் வேதா. அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாதுரை பாய்ந்தார். "டேய், எத்தினி தடவ சொன்னேன், பிளம்பர கூப்புடுன்னு..."

வேதா நடுவில் போய் நின்றாள். அதுவும் இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. "அவன ஒண்ணும் சொல்லக்கூடாது. நான் தண்ணிக்குக் கஷ்டப்படறேன்னுதான் அவன் மோட்டாரு வச்சான். வேற யாரும் வைக்கலியே. நீங்களும் வைக்கலியே."

அப்பாதுரை ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளிருந்து கொலுசுச் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அபிநயா வந்தாள். கண்ணில் மஞ்சள் இன்னும் முழுசாகப் போகவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறாள். நேராக வேதாவிடம் வந்து, அவள் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"அக்கா... நீங்க குடுத்த கஞ்சிய வேணாம்னேனே அக்கா... காய்ச்சின தண்ணி குடுத்துக் குடுத்து என்ன காப்பாத்தினதே நீங்கதான்... உங்க பக்கம் திரும்பிக்கூட படுக்கலியே நான்..."

"அழாத. நீ அழுதா உள்ள இருக்கறது அழும்" என்று சொல்லிக்கொண்டே வேதாதான் அதிகம் அழுதாள். வயிற்றுக்குள் குழந்தை ஒரு உதை விட்டது. இரண்டு பேரும் அழுகையோடு சிரித்துவிட்டார்கள்.

பாஞ்சாலையம்மாள் மட்டும் கறுத்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, தன் கையாலேயே முதல் டிரம்மைப் பிடித்துச் சாய்க்கப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயசு, அது அசையவில்லை. மகன்கள் இரண்டு பேரும் ஓடிவந்து பிடித்தார்கள். தண்ணீர் பின்வாசல் முழுக்க ஓடியது.

"பேசக்கூடாதத எல்லாம் பேசிட்டேன் வேதா" என்றாள் ஈரப் புடவையோடு. "திருப்பி எடுக்க முடியாது. நீ மன்னிச்சாத்தான் உண்டு."

"விடுங்க அத்தை. நீங்க குடிக்காம இருந்தீங்களே, அது போதும் எனக்கு."

"பந்தலு...?"

"போடறோம். டிரம்முல பிளீச்சிங் பவுடரு போட்டுத் தேய்க்கணும். அண்டா இருக்கு, விறகு இருக்கு."

அன்பரசன் மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் கட்டினான். பிறகு தெருக் குழாயில் குடம் பிடித்து நின்றான். மூன்றாவது நடையில் பார்த்தால், அவனுக்குப் பின்னால் அதே வரிசையில், தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு பாஞ்சாலையம்மாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் யாரைப் பார்த்தும் கூச்சப்படவில்லை.

விறகடுப்பு இரண்டு மூட்டி, கண்ணெரிய எரிய மத்தியானம் வரை காய்ச்சினார்கள். குமிழி விட்டுக் கொதித்ததைத்தான் இறக்கலாம் என்று வேதா ஒவ்வோர் அண்டாவையும் தானே பார்த்தாள். ஆறவைத்து ஊற்றியதில் ஒரே ஒரு டிரம்தான் நிரம்பியது. அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்து, கூட்டம் நடக்கத் தொடங்கியிருந்தது.

எதிர்ப் பந்தலில் புளிசாதம் கொடுக்கும் ராஜமாணிக்கம் வண்டியை எட்டிப் பார்த்தார். மற்ற பௌர்ணமிகளில் பாஞ்சாலையம்மாளின் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்.

"இன்னாம்மா, இந்த தடவ ஒரு டிரம்முதானா? கை சுருங்கிடுச்சா?"

பாஞ்சாலையம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். பாதையில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, எப்போதும் பேசுகிற அதே கணீர்க் குரலில் சொன்னாள்.

"ஒரு டிரம்முதான். ரெண்டு பௌர்ணமி கெட்ட தண்ணிய தெரியாம ஊருக்குக் குடுத்துட்டோம். அது எங்க தப்பு. குடிச்சவங்க யாராவது கீறீங்கன்னா டாக்டரப் போய்ப் பாருங்க. இதோ நிக்கறாளே, என் மூத்த மருமக வேதா, அவதான் சோதிச்சு கண்டுபுடிச்சா. என் கையிலேருந்தே டம்ளர தட்டிவிட்டா. நாங்க பேசாத பேச்சில்ல, எல்லாத்தையும் வாங்கிக்கினு தட்டிவிட்டா. மூணு டிரம்மு தண்ணிய எவன் வேணா குடுப்பான். இது அவ காய்ச்சின தண்ணி. புள்ளத்தாச்சியும் பயமில்லாம குடிக்கலாம்."

ராஜமாணிக்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எனக்கு ஒரு டம்ளரு குடும்மா" என்று வேதாவிடம் கேட்டார்.

வேதா ஊற்றிக் கொடுத்தாள். அதற்குள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, தடியூன்றிய ஒருவர், வெறுங்காலில் நடந்து கால் சிவந்த பெண்கள்... ஒவ்வொருவருக்கும் ஊற்றும்போது அவள் தலை நிமிர்ந்து நின்றது. இத்தனை வருடத்தில் அந்தப் பந்தலில் அவள் பின்னால் நின்று டம்ளர் கழுவியிருக்கிறாளே தவிர, ஊற்றியதில்லை.

நிலா மேலே வருவதற்குள் டிரம் காலியாகிவிட்டது. இன்னும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். வேதாவுக்கு மனசு ஆறவில்லை.

"பாதிப் பேருக்குத்தான் குடுக்க முடிஞ்சுது அத்தை. மூணு டிரம்மும் காய்ச்சணும்னா என் ஒருத்தியால முடியாதே..."

"ஒருத்தியா காய்ச்சச் சொல்லி யார் சொன்னது?" என்றாள் பாஞ்சாலையம்மாள், மருமகளின் புகையில் சிவந்த கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டபடி. "நான் எதுக்குக் கீறேன்?"